'ஓரிரு இடங்களில்' என்பது எந்த ஊர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கும் மேலாக உங்கள் நாளிதழ்தான் எங்கள் வீட்டில். ஆனால் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. எழுத வைத்தவன் என் பேரன்.

இரண்டாம் வகுப்பு படிக்கிறான். எழுத்துக்கூட்டி எதையும் வாசித்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற வயது. பால் பாக்கெட், மருந்து அட்டை, பஸ் போர்டு, எதையும் விடுவதில்லை. போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் முதல் பக்கத்தில் இருந்த வானிலைச் செய்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். "டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழைக்கு வாய்ப்பு." வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்பாயி, ஓரிரு இடங்கள்ங்கிறது எந்த ஊரு? திருத்துறைப்பூண்டிக்கு அந்தாண்ட இருக்கா? அங்க மட்டும் எப்பப் பார்த்தாலும் மழை பெய்யுதே!"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் யோசனை வந்தது. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி 2021-இல் ஓய்வு பெற்றவள். வேதாரண்யம் வட்டத்தில்தான் சர்வீஸ் முழுவதும். புயலும் மழையும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் வருகிற சமாச்சாரம் இல்லை, வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற சமாச்சாரம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த குழந்தைக்கே உங்கள் வானிலைச் செய்தி ஒரு ஊர்ப் பெயராகத்தான் தெரிகிறது என்றால், தப்பு குழந்தையிடம் இல்லை.

இந்தச் சொல்லை வகுப்பில் எப்படிப் புரிய வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தார்கள். அத்தனை பேரையும் மைதானத்தில் தள்ளித் தள்ளி நிற்க வைத்து ஆளுக்கொரு ஊர்ப் பெயர் கொடுத்தேன். நீ தலைஞாயிறு, நீ கோடியக்கரை, நீ ஆயக்காரன்புலம், நீ தகட்டூர். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் வேப்பங்கொத்தை முக்கி, நடுவில் நின்று ஒரே ஒரு தடவை உதறினேன். நாலு பேர் நனைந்தார்கள். மற்றவர்கள் மேல் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "மழை பெஞ்சுதா?" என்று கேட்டேன். நாலு பேர் "பெஞ்சுது" என்றார்கள், பதினாறு பேர் "இல்ல டீச்சர்" என்று கத்தினார்கள். ஓரிரு இடம் என்றால் இதுதான். வானிலைத் துறையின் கணக்கில், ஒரு பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு உட்பட்டவற்றில் மழை பதிவானால் ஓரிரு இடங்கள். இருபத்தைந்துக்கு மேல் ஐம்பது வரை என்றால் ஒரு சில இடங்கள். அதற்கும் மேலே போனால்தான் அநேக இடம், பெரும்பாலான இடம் எல்லாம்.

நனையாத பதினாறு பேரும் அன்றைக்கு "டீச்சர் பொய் சொல்லிட்டாங்க" என்று சொல்லவில்லை, வேப்பங்கொத்தைக் கண்ணால் பார்த்ததால். நிஜத்தில் நனையாத ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். பெரியவர்கள் டீக்கடையில் சொல்வதைப் பிள்ளைகள் வீட்டில் சொல்கிறார்கள்.

"கனமழை" என்ற சொல்லும் அப்படித்தான். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. துறைக்கு இது அளவு. படிக்கிறவர்களுக்கு இது வெறும் பயமுறுத்தல், ஏனென்றால் அந்த அளவை யாரும் கூடவே சொல்வதில்லை.

மழையை எப்படி அளக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "ஸ்கேல் வச்சு" என்பார்கள். சரியான பதில்தான், ஆனால் அவர்களே நம்ப மாட்டார்கள். 2019 ஐப்பசியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் இரண்டு பாத்திரம் வைத்தோம். ஒன்று சத்துணவுக் கூடத்தில் கிடந்த பதினைந்து கிலோ எண்ணெய் டின், மூடியை வெட்டி எடுத்தது. இன்னொன்று நேராக நிற்கிற எவர்சில்வர் டம்ளர். சாய்வான டம்ளர் ஆகாது, வாய் அகன்று அடி சிறுத்திருந்தால் கணக்குத் தப்பிவிடும். டம்ளர் காற்றில் சாயாமல் இருக்கச் சுற்றிலும் செங்கல். டின்னில்தான் நிறைய மழை பிடிக்கும் என்று வகுப்பே பந்தயம் கட்டியது. இரவு நல்ல மழை.

காலையில் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் டின்னிலும் 3 சென்டிமீட்டர், டம்ளரிலும் 3 சென்டிமீட்டர். ஒரு பையன் ஸ்கேல் தப்பு என்று வேறு ஸ்கேல் கொண்டுவந்தான். அதிலும் மூன்றுதான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "டின்னுக்கு வாய் பெருசு டீச்சர், நெறைய குடிச்சிடுது. ஆனா வயிறும் பெருசுல்ல, அதான் உசரல."

இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது. மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் உயரத்தில் சொல்கிறார்கள் என்பது அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அதே சூட்டில் அடுத்த கணக்கையும் போட்டோம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். மாடி பத்துக்கு ஐந்து மீட்டர். 3 சென்டிமீட்டர் என்றால் 1,500 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் நூறு குடம்! ஒரே ராத்திரியில் எங்கள் மாடியில் நூறு குடம் தண்ணீர் விழுந்திருக்கிறது என்றதும், தினமும் குழாயடியில் அம்மாவோடு நிற்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "அவ்ளோ தண்ணியும் எங்க டீச்சர் போச்சு?" என்று ஒருத்தி கோபமாகவே கேட்டாள்.

காலை 8.30 மணிக்குத்தான் அளக்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். நாடு முழுக்க அந்த நேரம்தான், ஒரு நாள் 8.30-இலிருந்து மறுநாள் 8.30 வரை விழுந்தது ஒரு நாள் மழை. இதனால் எங்கள் பள்ளியில் தாமதமாக வருகிறவர்கள் குறைந்தார்கள் என்பது உபரி லாபம்.

மழை எவ்வளவு பெய்தது என்பது அளவு. எவ்வளவு பெய்யும் என்பது கணிப்பு. இரண்டாவதுதான் கஷ்டம். ஆகவே சுவரில் ஒரு சார்ட் ஒட்டினோம். ஒரு பக்கம் 'சொன்னது', இன்னொரு பக்கம் 'பெய்தது'. சொன்னவர்கள் பலர். வானிலை மையம் ஒரு கட்சி. எறும்பு ஒரு கட்சி, முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் மழை. தட்டான் தாழப் பறந்தால் மழை, அது ஒரு கட்சி. அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம் என்று ஒரு பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு பையனுடைய தாத்தாவின் முழங்கால் தனிக் கட்சி. பஞ்சாங்கமும் உண்டு, அது மரக்கால் கணக்கில் சொல்லும்.

ஐப்பசி முழுக்க எறும்பும் முழங்காலும் ஜெயித்துக்கொண்டே இருந்தன. பிள்ளைகளுக்கு ஒரே குஷி, வானிலை மையத்தைவிட எறும்பு கெட்டி என்று. நான் வாயைத் திறக்கவில்லை. கார்த்திகை பாதியில் மழை விட்டுவிட்டுப் பெய்ய ஆரம்பித்ததும் எறும்பு சறுக்கியது. தாத்தாவின் முழங்கால் தினமும் வலித்துக்கொண்டேதான் இருந்தது, மழைதான் வரவில்லை. ஒரு பையன் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "டீச்சர், ஐப்பசில தெனமும் மழைன்னு சொன்னா யாரு வேணா ஜெயிக்கலாம்ல?" அப்படித்தான். தமிழ்நாட்டுக்கு வருடத்து மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையில் வந்துவிடுகிறது. அந்த மாதங்களில் 'மழை வரும்' என்று சொல்வதில் சாமர்த்தியம் இல்லை. எந்த நாள் வராது, எந்த நாள் எல்லை மீறி வரும் என்று சொல்வதில்தான் இருக்கிறது. எட்டு வயதுப் பையன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். இணையத்தில் வானிலை சொல்கிற சிலரைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருகிறது.

சரி, கஜா புயலுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரர் யாரும் வானிலை பற்றிப் பேசி முடிக்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 15 இரவு தாண்டி, 16-ஆம் தேதி விடிவதற்கு முன்னால் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. முதலில் வட தமிழகம், ஆந்திரக் கரையோரம் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்று மாறியது. "இவங்க மாத்தி மாத்திதான் சொல்வாங்க, ஒண்ணும் வராது" என்று எங்கள் தெருவில் ஒரு குடும்பம் முகாமுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டது. உயிர் பிழைத்தார்கள். ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தென்னை எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

பள்ளி திறந்த பிறகு ஒரு பையன் வானம் கறுத்தாலே வகுப்பறைக்குள் வர மாட்டான். வேப்பமரம் அசைந்தால் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வான். "டீச்சர், இன்னைக்குக் காத்து வருமா?" தினமும் இதே கேள்வி. 'வராது கண்ணு' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வந்துவிட்டால்? அந்தப் பையனுக்காகத்தான் நான் இதையெல்லாம் படிக்கவே ஆரம்பித்தேன்.

மாத்தி மாத்திச் சொல்வது ஏன் என்பதை அவனுக்கு வாய்க்காலில் காட்டினேன். பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் ஒரு குச்சியை நட்டு, மேலே இருபது அடி தள்ளி ஒரு பூவரசு இலையைப் போட்டோம். இலை குச்சிக்கு இடது பக்கம் போகுமா, வலது பக்கம் போகுமா? இலையைப் போடும்போதே கேட்டால் பாதிப் பேர் தோற்றார்கள். பாதி வழியில் கேட்டால் தோற்றவர்கள் குறைந்தார்கள். குச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் கேட்டால் எல்லாரும் ஜெயித்தார்கள். புயலும் அந்த இலை மாதிரிதான். அது தானாக நடந்து வருவதில்லை, மேலே அடிக்கிற பெரிய காற்று அதை இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காற்று கொஞ்சம் திரும்பினால் புயலும் திரும்பும்.

முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே பையன் அப்போது கேட்டான்: "அவ்ளோ கிட்ட வந்தப்புறம் சரியாச் சொல்லி என்ன டீச்சர்? ஓடறதுக்கு நேரம் வேணாமா?"

ஆசிரியர் அவர்களே, வானிலை முன்னறிவிப்பு என்கிற முழுப் பாடமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முன்கூட்டியே சொன்னால் இடம் கொஞ்சம் தப்பலாம், ஆனால் ஓட நேரம் கிடைக்கும். கடைசி நேரத்தில் சொன்னால் இடம் தப்பாது, நேரம் போய்விடும். அதனால்தான் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டு, கிட்ட வர வரத் திருத்துகிறார்கள். திருத்துவதைப் பொய் என்று நினைக்காத பிள்ளை, பெரியவனானதும் முகாமுக்குப் போவான்.

எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று மேகத்தைப் படம் பிடிக்கிற இன்சாட் செயற்கைக்கோளைக் கைபேசியில் காட்டலாம். பக்கத்துக் காரைக்காலில் ரேடார் இருக்கிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து 'ஓய்' என்று கத்தினால் 'ஓய்' என்று திரும்பி வருவது மாதிரி, அது வானத்தைப் பார்த்துக் கூப்பிடும், மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து எவ்வளவு தூரத்தில் மழை இருக்கிறது என்று சொல்லும். பலூன்தான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் காலை, மாலை இரண்டு வேளை, உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுகிறார்கள். காரைக்காலிலும் விடுகிறார்கள். மேலே போகப் போக ஊதிப் பெரிதாகி வெடித்துவிடும், அதற்குள் வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் அதில் கட்டிவிட்ட கருவி கீழே சொல்லிவிடும். எப்போதாவது அந்தக் கருவி யார் வயலிலாவது விழுந்து, மர்மப் பொருள் என்று போலீசுக்கு ஆள் போகும். உங்கள் பேப்பரிலேயே அப்படி ஒரு செய்தி படித்திருக்கிறேன்.

இத்தனையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. கழித்தல் கணக்கில் முதல் இலக்கத்தில் கடன் வாங்க மறந்தவனுக்கு விடை எங்கே போய் நிற்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நடுக்கடலில் அளக்கிற கருவிகள் குறைவு. அங்கே ஆரம்பத்தில் ஒரு சின்னப் பிசகு என்றாலும், ஐந்தாம் நாள் விடையில் அது பெரிதாகிவிடும்.

அந்தப் பையனுக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான்: "கஜா மாதிரிப் பெரிய புயல் திருடன் மாதிரி வராது கண்ணு. கல்யாண ஊர்வலம் மாதிரி கடல்ல ரெண்டு மூணு நாள் மேளம் அடிச்சுக்கிட்டுத்தான் வரும். மேளம் கேக்குதான்னு நான் தினமும் காலைல பார்த்துச் சொல்றேன்." தினமும் பார்த்துச் சொன்னேன். இடியும் மின்னலும் அப்படி இல்லை, சில மணி நேரத்தில் திரண்டுவிடும், அதற்குத்தான் 'அடுத்த மூன்று மணி நேரத்தில்' என்று தனியாக அறிவிக்கிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். பொங்கலுக்குள் அவன் என் முந்தானையை விட்டுவிட்டான்.

இன்னும் இரண்டு விஷயம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று நீங்கள் போடும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள், "புயலைக் கூண்டுல அடைச்சுட்டாங்களா?" பாவம், நியாயமான சந்தேகம். ஒன்று முதல் பதினொன்று வரை எண் உண்டு, தூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானால் ஒன்று, பெரிய அபாயம் என்றால் பத்து, வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துபோனால் பதினொன்று என்று ஒரே ஒரு சின்னக் கட்டம் போட்டால் போதும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு அலர்ட்டும் அப்படித்தான். சிவப்பைப் பார்த்ததும் டிராபிக் சிக்னல் என்று நினைத்து 'நில்' என்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்தது: மஞ்சள் என்றால் காது கொடு, ஆரஞ்சு என்றால் பையைக் கட்டி வை, சிவப்பு என்றால் பெரியவங்க சொன்னதும் கிளம்பு.

அடுத்தது லீவு. சென்னை வானிலை மையத்தில் ரமணன் அவர்கள் இயக்குநராக இருந்த காலத்தில் பிள்ளைகள் அவரை லீவு கொடுக்கிற மாமாவாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பிரியம் நல்லதுதான். ஆனால் லீவு விடுகிறவர் மாவட்ட ஆட்சியர். முன்னறிவிப்பு என்றாலே லீவு என்று பழகிய பிள்ளை, லீவு விட்டு வெயில் அடித்தால் வானிலைக்காரரைத் திட்டுகிறது, லீவு விடாத நாளில் மழை வந்தாலும் அவரையே திட்டுகிறது. 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?' என்று வானிலைச் செய்திக்குத் தலைப்பு வைக்கிற பழக்கத்தை நீங்களாவது விட்டுவிடுங்கள். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். சித்திரையில் ஒரு மழை வந்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகும், அம்மாவுக்கு வேலை நிற்கும். மழைச் செய்தி அவர்களுக்கு லீவுச் செய்தி இல்லை.

நான் கேட்பது பெரிய உதவி ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் சிறுவர் பக்கம் போடுகிறீர்கள். அதில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற படத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் ஒதுக்குங்கள். அந்த வாரம் நீங்கள் போட்ட முன்னறிவிப்பு ஒரு பக்கம், காலை 8.30-க்கு அளந்தது இன்னொரு பக்கம். தப்பியிருந்தால் தப்பியது என்றே போடுங்கள். ஓரிரு இடங்களில் என்று எழுதுகிற நாளில், மறுநாள் எந்தெந்த ஊர் நனைந்தது என்று ஊர்ப் பெயரோடு போடுங்கள். மாட்டுக்கொட்டகை மேல் எண்ணெய் டின் வைத்துவிட்டு ஸ்கேலோடு காத்திருக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. வாத்தியார் வீட்டுக் கடிதம், மன்னிக்கவும். வெட்டுவதானால் பஞ்சாங்கத்தை வெட்டுங்கள், டின்னை வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பி.கு.: போன வியாழக்கிழமை மழையளவுப் பட்டியலில் வேதாரண்யம் இரண்டு இடத்தில் வந்திருந்தது. மேலே 4 செ.மீ., கீழே 6 செ.மீ. பேரன் டின்னில் அளந்தது 5. சுவரில் எதை எழுதுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.